மிங்மா வந்தாச்சு

டீயில் உப்பு சரியாக இருக்கிறது, லாமா. உள்ளே அம்மாவிடம் சொல்லுங்கள். மலையில் இருக்கிற நாளெல்லாம், பணம் கட்டி ஏற வந்த மெம்பர்களுக்குப் போடும் சர்க்கரை டீயையே நாங்களும் குடித்துத் தொலைக்க வேண்டும். இறங்கியதும் நாக்கு முதலில் கேட்பது இந்த வெண்ணெய் டீயைத்தான். இன்னொரு கோப்பை வேண்டாம். அதிக நேரம் இருக்க மாட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்காவது நடக்கத் தோன்றுகிறது. மேலே போய் வந்தவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான்.

டோமா வருவதற்கு முன்னால் உங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன். அவள் புருஷன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செத்தான் என்று எங்கள் குழுவை நடத்தும் சர்தார் தென்டி சொன்னதை வைத்துத்தான் நீங்கள் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறீர்கள். எந்தத் திசையில் விளக்கு, எந்த வாரம் எந்தப் பூஜை, காகிதத்தில் அவன் உருவம் வரைந்து பேர் எழுதி எரிப்பது என்றைக்கு, எல்லாம் அந்த நேரத்திலிருந்துதானே கணக்கு. அந்த நேரம் தப்பு. அவன் செத்தது புதன்கிழமை, உச்சி வெயிலில். செத்தவனுக்குத் தப்பான நேரத்தில் வழி சொன்னால் அவன் பாவம் எங்கே போவான்? அதைச் சொல்லத்தான் வந்தேன். வேறொன்றும் இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் அதில் இருக்கும் நியாயம் விளங்கும்.

எல்லாம் பேரில் ஆரம்பித்தது. அதில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பிறந்ததும் உங்கள் அப்பாவிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமைப் பிள்ளை, மிங்மா என்று வையுங்கள் என்றார். பல வருஷம் கழித்து மேல்வீட்டில் ஒருவன் பிறந்தான். நீங்கள் தூக்கிப் பார்த்தீர்கள். அவனும் செவ்வாய், அவனும் மிங்மா. நம் ஆட்கள் கிழமையைப் பார்த்துப் பேரை வைத்துவிட்டு, அப்புறம் ஆளுக்கு ஆள் அடைமொழி தேடி அலைகிறோம். ஊர் என்னைப் பெரிய மிங்மா என்றது, அவனைச் சின்ன மிங்மா என்றது. வயதுக்காக ஒட்டிய சொல்தான். ஆனால் நான் உச்சிக்குப் போய்ப் போய் வந்ததில் அந்தப் 'பெரிய'வுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. சந்தையில் பெரிய மிங்மா வருகிறார் என்று வழி விடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று சொல்வானேன்.

இந்தப் பருவத்தில் எங்கள் இரண்டு பேரையும் தென்டி ஒரே குழுவில் போட்டார். அடிவார முகாமில் ஒரு நாள் வாக்கி-டாக்கியில், "மிங்மா, மேல ரெண்டு சிலிண்டர் ஏத்திரு" என்றார். அவனைச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன், என்னைச் சொல்கிறார் என்று அவன் நினைத்தான். சாயங்காலம் பார்த்தால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் சமையல் கூடாரத்தின் ஓரத்திலேயே கிடக்கின்றன. சமையற்காரன் கெல்ஜென் அவற்றின் மேல் வசதியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். "ஒரே வாரத்துல ரெண்டு செவ்வாய் வச்சா வேலை இப்படித்தான் நாறும்" என்று அவன் சொல்ல, மெம்பர்கள் கூட அர்த்தம் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். தென்டி சிரிக்கவில்லை. பெரிய, சின்ன என்று சேர்க்காமல் இனிமேல் யாரும் வாக்கியில் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே விதி போட்டார். நல்ல விதி. நானும் கடைப்பிடித்தேன், ஒரு சாயங்காலம் தவிர.

மேலே எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. விடிவதற்கு முன் எழுந்து உட்கார்ந்தால், நம் மூச்சே உறைந்து கூடாரத் துணியில் ஒட்டியிருக்கும் பனி கழுத்துக்குள் கொட்டும். அடுப்பைப் பற்ற வைத்துப் பனிக்கட்டியை உருக்க வேண்டும். பானை நிறையப் போட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும். மறுபடி வெட்டி, மறுபடி போட வேண்டும். மெம்பர்களை எழுப்பிக் குடிக்க வைத்து, அவர்கள் பூட்ஸுக்கு முள்தகட்டை மாட்டிவிட்டு, அவர்களுக்கு முன்னால் ஓடிக் கயிறு கட்ட வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி பனி, மறுபடி அடுப்பு. விலா எலும்பு நோகிற அளவுக்கு இருமல். சரி, படுக்கலாம் என்றால் காற்று கூடாரத்தை அறைந்துகொண்டே இருக்கும். அங்கே யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கை சும்மா இருந்தால் மனம் வேண்டாததை எல்லாம் எடுத்துப் பார்க்கும்.

மூன்றாம் முகாமுக்கு மேலே போனால் என் இடது கண்ணில் பாலாடை மாதிரி ஒரு மறைப்பு வர ஆரம்பித்திருந்தது. முதலில் கண்ணாடியில் ஆவி என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. இறங்கினால் போய்விடும், ஏறினால் வந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை. தென்டி நல்லவர், ஏச மாட்டார். கெல்ஜெனுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு என் கையில் கத்தியைக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். உச்சியில் நின்ற நான் கிழங்கு உரிக்க, நான் ஏறக் கற்றுக்கொடுத்த பையன்கள் இறங்கி வந்து என்னிடம் தட்டை நீட்டுவார்கள். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது.

அந்தக் கண்ணோடு கயிறு கட்டினேன். முடிச்சைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் போட்டேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஒன்றை மட்டும் முழுதாக இறுக்காமல் விட்டிருக்கிறேன். பின்னால் வந்த சின்னவன் அதைப் பார்த்துவிட்டான். மெம்பர்கள் வந்து சேர்வதற்குள் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினான். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. கூடாரத்தில் நாங்கள் இருவர்தான். பனி உருகியதும் வழக்கம் போல என் கோப்பையை முதலில் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, இடது கண்ணு தெரியலதானே?"

நான் டீயைக் குடித்தேன்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல. இந்தத் தடவ முடியற வரைக்கும் உங்க பின்னாடியே வந்து எல்லா முடிச்சையும் பாத்துக்கறேன். ஆனா இறங்குனதும் நீங்களே தென்டிகிட்ட சொல்லிரணும்ணே. நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியதாப் போயிரும். மத்தவங்க உசுரு இல்லையா."

சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மரியாதையாகச் சொன்னான். சொன்னபடியே செய்தான் வேறு. அதற்குப் பிறகு நான் கட்டுகிற ஒவ்வொரு முடிச்சுக்கும் பின்னால் அவன் கையுறை உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தடவிப் பார்ப்பான், இழுத்துப் பார்ப்பான், பிறகு மேலே வருவான். முதுகுக்குப் பின்னால் ஒருவன் நம் வேலையைத் திருத்திக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் படுத்து அவன் நிம்மதியாகக் குறட்டை விடுவான். இருந்தாலும் அவன் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உச்சிக்குப் போன அன்று எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மெம்பர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அழுதார்கள், இறங்கினார்கள். குழுவில் இருந்த நம் ஆட்கள் இரண்டு பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். கடைசியில் வந்தவர்கள் நானும் சின்னவனும். நான்காம் முகாமுக்கு மேலே கறுப்புப் பாறை இருக்கிறதே, அங்கே வரும்போது காற்று கிளம்பி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. அவன் எனக்கு முன்னால் கயிற்றில் இறங்கினான். முடிச்சு விட்டது.

யார் கட்டிய முடிச்சு என்று கேட்பீர்கள். நான் கட்டியதுதான். ஏறும்போது ஒரு மெம்பருக்கு முகமூடி கழன்றுவிட்டதென்று அவன் நின்றுவிட்டான், அந்த ஒரு முடிச்சை மட்டும் பார்க்கவில்லை. எல்லாரையும் தாங்கிய முடிச்சு அவனைத் தாங்கவில்லை. கண் தெரியாதவன் கட்டியது, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அதிகம் விழவில்லை. முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. நான்தான் அவனைப் பாறைக்குப் பின்னால் காற்று படாத இடத்துக்கு இழுத்துப் போய்ச் சாய்த்து உட்கார வைத்தேன். என் சிலிண்டரைக் கழற்றி அவனுக்கு மாட்டினேன். கணக்குப் பார்க்கிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் தலைக்கு மேலே தொங்கிய கயிற்றின் நுனியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. "நீங்க போயி ஆளுங்களக் கூட்டிட்டு வாங்கண்ணே. நான் இந்தக் காலோட எங்க ஓடிரப் போறேன்" என்றான்.

ஆட்களைக் கூட்டிவரத்தான் இறங்கினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வழியெல்லாம் அந்தப் பார்வை மட்டும் கூடவே வந்தது.

நான்காம் முகாமில் கூடாரத்துக்குள் நுழைந்து உட்காரக்கூட இல்லை, அடிவாரத்திலிருந்து வாக்கியில் கெல்ஜென். தென்டி வேறு வேலையாக இருந்ததால், யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவசரத்தில் அவனும் விதியை மறந்துவிட்டான். "மிங்மா? மிங்மா வந்தாச்சா?" என்றான்.

"மிங்மா வந்தாச்சு" என்றேன்.

உண்மைதானே. நான் வந்துவிட்டேன். 'பெரிய' என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உதடு உறைந்திருந்தது. அடுத்த மூச்சில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த மூச்சு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பல நாளாக இல்லாத ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

கொஞ்சம் கழித்துக் கெல்ஜென் மறுபடி கூப்பிட்டான். "இன்னொரு செவ்வாய் எங்கப்பா? ஒண்ணுதான் கணக்குல வந்துருக்கு." முகாமில் இருந்த வேறு சிலிண்டரை எடுத்து நான் முகமூடியை மாட்டியிருந்தேன். அந்த உயரத்தில் எல்லார் குரலும் ஒரே தகரம்தான். கொஞ்சம் இருமிவிட்டு, "மிங்மா வந்தாச்சு" என்றேன். அப்போதும் நான் வந்துதான் இருந்தேன். ஒரே உண்மையை இரண்டு தடவை சொன்னால் அது பொய்யாகிவிடுமா? "அப்பாடா, ரெண்டு செவ்வாயும் சேந்தாச்சு. தென்டிகிட்ட சொல்லிடறேன், சூப்பக் குடிச்சிட்டுப் படுங்க" என்றான். இரண்டு என்று சொன்னது அவன். நான் அந்த எண்ணை வாயில் எடுக்கவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் நம் ஆட்கள் இரண்டு பேரும் களைத்துச் சுருண்டிருந்தார்கள். வாக்கியை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று துணிக்கு வெளியே நின்று சொன்னேன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் அண்ணே என்றார்கள்.

இருட்டியபோது அவன் குரல் வந்தது. "பெரிய மிங்மா, பெரிய மிங்மா, சின்ன மிங்மா பேசறேன்." கால் உடைந்து கிடந்தும் விதியை விடவில்லை, பாருங்கள். பாறை மறைத்ததால் அவன் வாக்கி அடிவாரத்துக்கு எட்டவில்லை. எங்கள் முகாம் வரைக்கும்தான் எட்டியது. ஆளுங்க கிளம்பிட்டாங்களா அண்ணே என்று கேட்டான். "இங்கதான் இருக்கேன்டா" என்றேன். அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை, அவன்தான் விட்டு விட்டுப் பேசினான். கிழங்குத் தோட்டத்துக்கு டோமா வேலியைச் சரி பண்ணியிருப்பாளா, போன வருஷம் போல யாக் உள்ளே புகுந்துவிடுமே என்றான். கால் இப்போது வலிக்கவே இல்லை என்றான். நான் வாக்கியை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. ஒரு மனுஷனை அந்த இடத்தில் தனியாக விடுவது சரியில்லை.

விடிந்ததும் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. போயிருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் போனால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கயிற்றைப் பார்ப்பார்கள், முடிச்சைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் மெம்பர்களைக் கிளப்பிக்கொண்டே, "ரெண்டு பேரும் கூடாரத்தச் சுருட்டிட்டு வர்றீங்கதானே?" என்று குரல் கொடுத்தார்கள். "சுருட்டிட்டு வர்றேன்" என்றேன். வர்றோம் என்று நான் சொல்லவில்லை. கவனித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அவர்கள் போன பிறகு முகாமில் நானும் அந்த வாக்கியும்தான். "வெயில் வந்துருச்சுண்ணே" என்றான். நாக்குத் தடித்துப் போயிருந்தது. "அவசரமில்ல. பாத்து வாங்க. கண்ணு பத்திரம்." நான் அவனிடம் வந்துகொண்டிருப்பதாகவே நினைத்திருக்கிறான். அப்புறம் பேச்சு இல்லை. பட்டனை மட்டும் அழுத்துவான். கர்ரென்று வரும், நின்றுவிடும். மறுபடி வரும். நான் கூடாரத்தைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். வெயில் நேர் உச்சிக்கு வந்தபோது அது நின்றது. நேரம் தப்பாகப் போய்விடக் கூடாதென்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பிறகு அடிவாரத்தைக் கூப்பிட்டேன். பெரிய மிங்மா பேசுகிறேன், சின்ன மிங்மாவைக் காணோம் என்றேன். இல்லை, தப்பு. காணோம் என்று சொல்லவில்லை. கூடாரத்தில் இல்லை என்றேன். எப்போதிலிருந்து என்று தென்டி கேட்டார். சாயங்காலத்திலிருந்து என் பக்கத்தில் இல்லை என்றேன். மீதியை அவர்களே கட்டிக்கொண்டார்கள். காற்றில் கூடாரக் கயிற்றை இறுக்க வெளியே போயிருப்பான், அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். அவ்வளவு உயரத்தில் மூளை மரத்துவிடும், பக்கத்தில் ஆள் இல்லாததே மறுநாள்தான் உறைக்கும் என்று தென்டி எனக்காக மெம்பர்களிடம் பேசினார். அதனால் கீழ்ச்சரிவில்தான் தேடினார்கள். பாறைப் பக்கம் யாரும் போகவில்லை. அவன் கடைசியாகப் பேசியது தன்னிடம்தான் என்று கெல்ஜென் டோமாவின் முன்னால் உட்கார்ந்து அழுதான். நல்லாத்தான் பேசினான், வந்தாச்சுன்னு ரெண்டு வார்த்தை சொன்னான் என்று அழுதான். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த பருவத்துக்கும் என்னை எடுத்துக்கொள்வதாகத் தென்டி சொல்லியிருக்கிறார். கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. இனி வாக்கியில் பெரிய, சின்ன எல்லாம் வேண்டாம், மிங்மா என்றாலே போதும் என்றார் தென்டி. நல்ல மனதோடுதான் சொன்னார். ஊரிலும் அப்படியே ஆகிவிட்டது. நேற்றுச் சந்தையில் ஒருத்தி, மிங்மா, கொஞ்சம் தள்ளி நில்லு என்றாள். சின்னவன் இல்லாத இடத்தில் பெரியவன் எதற்கு? இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் உட்கார முடியவில்லை, லாமா. கூரை மேல் மந்திரக் கொடித்துணி படபடத்தால் எழுந்துவிடுகிறேன். டீ கொதிக்கிற சத்தம் கேட்டால் கர்ரென்று அது வருகிறதா என்று காது போகிறது. நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். நான் அவனைக் கொன்றேனா என்று கேட்டால், கொன்றேன். ஒரு சொல்லை விழுங்கி, ஒரு ராத்திரியும் ஒரு காலையும் உட்கார்ந்து கேட்டு, கொன்றேன். ஆனால் பொய் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், நான் சொன்னதில் ஒரு பொய் இருக்காது.

நேரத்தை மாற்றிக் கணக்குப் போட்டுவிடுங்கள். இன்னும் ஒன்று. காகிதத்தை எரிக்கும்போது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழி காட்டுவீர்கள் இல்லையா, அப்போது சின்ன மிங்மா என்று முழுசாகக் கூப்பிடுங்கள். அவசரத்தில் முன்னால் இருக்கிற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் மிங்மா என்று கூப்பிட்டால் வந்து நிற்பது நானாகத்தான் இருக்கும்.

வாசலில் காலடி கேட்கிறது. டோமாதான். உள்ளே யார் வந்திருப்பது என்று கேட்கிறாள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், லாமா, நானே பதில் சொல்கிறேன், இரண்டு வார்த்தைதானே. பயப்படாதீர்கள், அவளிடமும் உண்மையைத்தான் சொல்வேன்.